கேட் ஆதிமூலமும் விற்பனைக்கில்லாத மாத்திரையும்

நெல்லித்தோப்பில் ஆதிமூலம் வீடு எது என்று கேட்டால் எந்த ஆதிமூலம் என்பார்கள். கேட் ஆதிமூலம் என்றால் உடனே கை காட்டுவார்கள். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு மதில்தான், அதுவும் இடுப்பு உயரம். ஊரில் நூல் மில் ஓடிய காலத்தில் இருபத்திரண்டு வருடம் வாசல் கேட்டில் நின்று, ஷிப்டு முடிந்து வெளியே போகிறவர்களைத் தடவிப் பார்த்து அனுப்பிய மனிதர் அவர். நூல்கண்டோ பாபினோ, சைக்கிள் துடைக்க ஒரு பிடி கழிவுப் பஞ்சோ, அவர் கையைத் தாண்டி வெளியே போனதாகச் சரித்திரம் இல்லை.

நான் அதே மில்லில் ஸ்பின்னிங் பிரிவில் இருந்தேன். பதினோரு வருடம், லீவு போட்ட நாள் தவிர மற்ற எல்லா நாளும், அவர் முன்னால் போய் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறேன். முதலில் சட்டைப் பை, பிறகு இடுப்பு, பிறகு கால்சட்டையின் மடிப்பு. கடைசியில் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து முகர்ந்து பார்ப்பார். நூலை எங்கே ஒளித்தாலும் நூல் சுற்றுகிற கதிருக்குப் போடும் எண்ணெயின் வாடை காட்டிக்கொடுத்துவிடும் என்பது அவருடைய கணக்கு. என் கல்யாணம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, கலைவாணி ஆசையாகக் கட்டிக்கொடுத்த தயிர்சாதத் தூக்கு காலியாகத் திரும்பியது. அதையும் முகர்ந்தார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அன்றைக்கு வந்த எரிச்சல் எனக்கு இன்னும் முழுசாக அடங்கவில்லை. நான் ஒருநாளும் எதையும் எடுத்ததில்லை, அவர் ஒருநாளும் என்னை நம்பியதுமில்லை.

இரண்டாயிரத்து இரண்டில் விருப்ப ஓய்வு என்று மில்லில் எங்களை அனுப்பினார்கள். நான் தெருமுனையில் ஒரு எஸ்.டி.டி. பூத் வைத்து, ஜெராக்ஸ் மிஷினும் போட்டேன். ஆதிமூலம் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிற மேட்டுப்பாளையத்தில் பிளாஸ்டிக் வாளி செய்யும் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டியாகச் சேர்ந்தார். வாசல்தான் மாறியதே தவிர ஆள் மாறவில்லை. விழுப்புரத்தில் கட்டிக்கொடுத்த மகளுக்குப் போன் பேச என் பூத்துக்கு வந்தால் கைக்கடிகாரத்தைக் கழற்றி மீட்டர் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுவார். பால்காரர் ஊற்றுகிற பாலை முகர்வார். கேஸ் சிலிண்டரைக்கூடக் குனிந்து முகர்வார். "அண்ணா, என்னையும் ஒருவாட்டி மோந்து பாத்துருங்க" என்று நான் கிண்டல் செய்தால், "உன்னத்தான் பதினோரு வருஷம் பாத்தாச்சே" என்பார். சிரிக்கமாட்டார்.

அப்படிப்பட்டவர் வீட்டில் ஒரு பூனை நுழைந்ததுதான் அதிசயம். ஒரு மழைநாளில் சாக்கடை ஓரமாக வந்து கத்திக்கொண்டிருந்த குட்டியை அவர் மனைவி பார்வதி அக்கா துண்டில் சுற்றி எடுத்துவந்தார்கள். "யாரோ வேணும்னே நம்ம ஊட்டாண்ட வுட்டுட்டுப் போயிருக்கான், இதுல என்னாமோ இருக்குது" என்று ஆதிமூலம் ஒரு வாரம் அதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது வாரம் அது அவருடைய யூனிபார்ம் தொப்பிக்குள் சுருண்டு படுத்துத் தூங்கியது. எழுப்ப மனமில்லாமல் மனுஷன் தொப்பி இல்லாமலே டியூட்டிக்குப் போனார். ராஜாத்தி என்று பேர் வைத்தார். உலகத்தில் அவருடைய சோதனை இல்லாமல் உள்ளே போய் வெளியே வந்த ஒரே உயிர் அதுதான்.

என் மனைவி கலைவாணிக்கும் ராஜாத்திமேல் உயிர். மீன் வாங்குகிற நாளெல்லாம் தலையையும் செவுளையும் ஒரு தட்டில் எடுத்து மதிலுக்கு மேலே வைப்பாள். அரிவாள்மணையில் மீன் அரிகிற சத்தத்துக்கே ராஜாத்தி மதிலில் வந்து உட்கார்ந்துவிடும். எங்களுக்குக் குழந்தை இல்லை. இதைச் சொல்லத்தான் வேண்டும், இல்லாவிட்டால் அந்தத் தட்டு எங்கள் வீட்டில் என்னவாக இருந்தது என்று புரியாது.

பூனை வந்தபிறகு ஆதிமூலம் தெருவுக்கே பூனை வைத்தியர் ஆனார். மூக்கு ஈரமாக இருந்தால் பூனை நன்றாக இருக்கிறது, காய்ந்தால் காய்ச்சல். புண் வந்தால் மருந்து கூடாது, நக்கியே ஆற்றிக்கொள்ளும். பால் எவ்வளவு கொடுத்தாலும் தகும். வீட்டோடு கிடக்கிற பூனைக்குத் தடுப்பூசி தண்டம். பால் குடித்துவிட்டு ராஜாத்தி வயிறு கலங்கிக் கிடந்தால் பால்காரர்மேல் பழி விழும். உண்மையைச் சொன்னால் நானும் இதையெல்லாம் நம்பினவன்தான். அவர் அவ்வளவு திடமாகச் சொல்வார்.

ஒரே ஒருமுறை ராஜாத்தியை மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். கழுத்தில் கடிபட்ட புண், நக்குவதற்கு நாக்கு எட்டாத இடம், சீழ் வைத்துவிட்டது. அங்கே டாக்டர் நிர்மலா சீழை எடுத்துவிட்டுத் தொடையில் ஊசி போட்டார். கூடவே, குட்டி போடாமல் இருக்க ஆபரேஷன் செய்துவிடலாம் என்றும் சொல்லியிருக்கிறார். ஊசி போட்ட காலை இரண்டு நாள் ராஜாத்தி நொண்டியது. அவ்வளவுதான், ஆதிமூலத்துக்குப் போதும்.

"ஒருவாட்டியாச்சும் குட்டி போடாத பூனைக்கு ஆபரேஷன் பண்ணா அது ஒடம்பு என்னாத்துக்கு ஆவும்? அந்தம்மா கத்துக்கறதுக்கு எம்பூனைதான் கெடச்சுதா? பிரெஞ்சு கவர்மெண்ட்டு பென்ஷன் வாங்குற காசுக்காரங்க ஊட்டு நாயின்னா அப்பிடித் தடவித் தடவிப் பாக்கறாங்க. நம்மளுதுன்னா நொண்டியாக்கி அனுப்பறாங்க. எல்லாம் கம்பெனிக்காரன் குடுக்கற மருந்துப்பா, அதுல அவங்களுக்குப் பங்கு."

புண் நான்கே நாளில் ஆறிப்போனதைப் பற்றி அவர் பேசவில்லை. நான் கேட்டதற்கு, "அது நக்கி ஆத்திக்கிச்சு" என்றார். கழுத்தை எப்படி நக்கும் என்று கேட்கலாம். கேட்டால் அன்றைக்கு என் கடையில் வியாபாரம் நடக்காது.

அவர் நம்பிய மருந்து ஒன்றே ஒன்றுதான். மில்லில் இருந்த காலத்தில் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் காய்ச்சலுக்குக் கொடுக்கிற வெள்ளை மாத்திரை. ஒவ்வொருமுறையும் மிச்சம் பிடித்து, பிறகு எங்கே பார்த்தாலும் கேட்டு வாங்கி, ஒரு பிஸ்கட் டப்பா நிறைய வைத்திருந்தார். மாத்திரைப் பட்டையின் பின்பக்கத்தில் விற்பனைக்கு அல்ல என்று சிவப்பில் அடித்திருக்கும். அதுதான் அவருக்கு வேதவாக்கு. "பாத்தியா, விக்கறதுக்கு இல்லன்னு போட்டுருக்கு. எவனுக்கும் இதுல லாபம் கெடையாது. லாபம் இல்லாத எடத்துல ஏமாத்து இருக்காது" என்பார். இருபத்திரண்டு வருடம் திருட்டைத் தேடியவரின் தர்க்கம் இது. எனக்கே ஒருமுறை காய்ச்சல் வந்தபோது இரண்டு கொடுத்தார், கேட்டது. அதனால் நானும் மறுபேச்சுப் பேசவில்லை.

ராஜாத்தி இரண்டு குட்டி போட்டது. ஒன்று விழுப்புரத்துக்கு மகள் வீட்டுக்குப் போனது. மற்றது அம்மாவைப் போலவே நெற்றியில் கறுப்புத் திட்டோடு இங்கேயே தங்கியது. அதற்குச் சின்னவ என்று பேர். சின்னவ ஓடியாடத் தொடங்கிய சமயம், இரண்டாயிரத்து நாலு மாசியில், ராஜாத்தி செத்துப்போனது.

இரண்டே நாள்தான். முதல் நாள் தும்மிக்கொண்டு சுருண்டு படுத்திருந்தது. மறுநாள் முகம் வீங்கிவிட்டது. ஈறு பழுப்பாகி, வாயில் எச்சில் ஒழுகி, மூச்சு வாங்கியது. மூத்திரம் காப்பித் தண்ணீர் நிறத்தில் போனது. மாட்டாஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் சொன்னேன். "ஊசி போட்டுச் சீக்கிரம் அனுப்பறதுக்கா?" என்று என்னையே முறைத்தார். பொழுது சாய்வதற்குள் உயிர் போய்விட்டது. முருங்கை மரத்தடியில் அவரே குழி வெட்டினார். அவர் தோள் குலுங்கியதை மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தோம். கலைவாணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் காலை ஆதிமூலம் எங்கள் வாசலில் நின்றார். கண் சிவந்திருந்தது, ஆனால் குரல் மில் கேட் குரல்.

"ஏம்மா கலை, முந்தாநேத்து என்னா மீனு?"

"சங்கராண்ணா."

"எங்க வாங்குன?"

"கூடக்காரம்மாகிட்டதான், எப்பியும் வாங்குறவங்க."

"தலய எப்ப வச்ச? நீயே வச்சியா? வச்சுட்டு உள்ள போயிட்டியா, நின்னு பாத்தியா?"

அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே வந்தாள். பாதியில்தான் அவர் எதற்குக் கேட்கிறார் என்பது அவளுக்கு உறைத்தது. ஆதிமூலம் மதிலோரம் போய், காய்ந்து கிடந்த ஒரு மீன்முள்ளைப் பொறுக்கி, முகர்ந்து பார்த்து, பிளாஸ்டிக் கவரில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எனக்கு ரத்தம் கொதித்தது.

"என்னாண்ணா இது? நாங்களா வெஷம் வச்சோம்?"

"நான் அப்பிடிச் சொன்னனா? நீயா சொல்ற."

அவர் நேராகச் சொல்லவே இல்லை. அதுதான் கொடுமை. எங்கே போனாலும் கவரை எடுத்துக் காட்டி, "மூஞ்சி வீங்கி, மூத்திரம் கறுத்துச் செத்துதுப்பா, கடசியாத் தின்னது இந்த மீனு" என்று மட்டும் சொன்னார். மிச்சத்தைத் தெரு சொல்லிக்கொண்டது. கோழி வளர்க்கிறவர்கள் கலைவாணியைக் கண்டதும் கோழியைக் கூண்டில் அடைத்தார்கள். பிள்ளை இல்லாதவ மனசு இப்படித்தான் போகும் என்று ஒருத்தி குழாயடியில் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து மதில்மேல் இருந்த தட்டைக் கழுவி, துடைத்து, பரணில் ஏற்றிவிட்டாள். மீன் வாங்குவதையே நிறுத்தினாள். சின்னவ மதிலில் உட்கார்ந்து கத்தினால் கதவைச் சாத்திக்கொள்வாள். சாத்திய கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பாள். எனக்கு ஆதிமூலத்தின் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. கலைவாணிமேல் ஒட்டிய அந்தப் பேரை எப்படித் துடைப்பது என்பதே என் யோசனையாக இருந்தது. அவர் புதைத்துவிட்ட பூனையை வைத்துக்கொண்டு எதை நிரூபிக்க முடியும்?

எட்டு மாதம் போனது. ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு காலை, பத்து மணி இருக்கும், பார்வதி அக்கா நனைந்துகொண்டே என் பூத்துக்கு ஓடிவந்தார்கள். "தம்பி, அவரு கம்பெனிக்கு ஒரு போன் போடு. சின்னவளுக்கும் அதே மாரி ஆயிடுச்சு. மூஞ்சி வீங்குது" என்றார்கள். நான் போட்டுக்கொடுத்தேன். மறுமுனையில் ஆதிமூலம் கேட்ட முதல் கேள்வி எனக்கே கேட்டது.

"அவ ஏதாச்சும் வச்சாளா?"

பார்வதி அக்கா என் முகத்தைப் பார்க்காமல், "எட்டு மாசமா அந்த ஊட்ல மீனே ஆக்கல" என்று போனை வைத்துவிட்டார்கள்.

நான் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனால், கலைவாணி மதிலைத் தாண்டி அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். சின்னவ அவள் மடியில் வாயைத் திறந்தபடி மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. ஒயர் கூடையில் பழைய புடவையைப் போட்டு அதைப் படுக்கவைத்தாள். "வண்டிய எடுங்க" என்றாள். எனக்குப் பயமாக இருந்தது. "வேணாம் கலை. நம்ம கையில செத்துதுன்னா அந்த ஆளு நம்மளக் கொலகாரங்கன்னே எழுதி ஒட்டிருவாரு" என்றேன். "ஒட்டட்டும், இப்ப மட்டும் என்னா வாழுது?" என்று கூடையோடு என் டி.வி.எஸ். பிப்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

மாட்டாஸ்பத்திரியில் டாக்டர் நிர்மலா ஒரு கன்றுக்குட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூடைக்குள் எட்டிப் பார்த்ததும் கன்றை விட்டுவிட்டு வந்தார். விரலால் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார்.

"என்ன மாத்திரை குடுத்தீங்க?"

அந்தக் கேள்வியில் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இங்கேயும் சந்தேகமா என்று தோன்றியது. "நாங்க ஒண்ணுமே குடுக்கலங்க, பக்கத்து வீட்டுப் பூன" என்று அவசரமாகச் சொன்னேன். அதற்குள் பின்னாலேயே ஆதிமூலம் வந்துவிட்டார். யூனிபார்ம், தொப்பி, சொட்டச் சொட்ட நனைந்த உடம்பு, வழியில் ஏற்றிக்கொண்ட பார்வதி அக்கா. வந்ததும் எங்களைத்தான் பார்த்தார்.

"யாரக் கேட்டு எம்பூனையத் தூக்கியாந்தீங்க?"

டாக்டர் அவரிடமும் அதையே கேட்டார். "பெரியவரே, என்ன மாத்திரை குடுத்தீங்க?"

"எந்தக் கண்ட மாத்திரையும் குடுக்கல. மூக்கு காஞ்சிருந்துது. ஆறு மணிக்கு டியூட்டிக்குக் கெளம்பறப்ப கவர்மெண்ட்டு மாத்திர பாதி குடுத்தேன், அவ்ளோதான்" என்று சட்டைப் பையிலிருந்து பட்டையை எடுத்துப் பெருமையாக நீட்டினார். அதோடு சேர்ந்து அந்தப் பிளாஸ்டிக் கவரும் பாதி வெளியே வந்தது. முள்ளை அவர் இன்னும் விடவில்லை.

டாக்டர் பட்டையைத் திருப்பிப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் சொன்னார். "இது மனுஷங்களுக்கு நல்ல மாத்திரைதான். பூனை உடம்புக்கு இதைச் செரிச்சு வெளியே அனுப்பத் தெரியாது. ரத்தத்தைக் கெடுத்துடும். பாதி மாத்திரையே விஷம். மூக்கு காயறது தூங்கி எந்திரிச்சாலும் காயும், வெயில்ல படுத்தாலும் காயும். அதை வச்சுக் காய்ச்சல்னு சொல்ல முடியாது."

"மனுஷனுக்கு நல்லது பூனைக்கு எப்பிடிங்க கெட்டதாவும்? நீங்க ஏதோ சொல்றீங்க."

"போன பூனைக்கும் இதான் குடுத்தீங்களா?"

பார்வதி அக்காதான் பேசினார்கள். "மொத நாளு காலைல பாதி, ராத்திரிக்குப் பாதி. மறுநாளு காலைலயும் குடுத்தாரு, டாக்டரம்மா. மூஞ்சி வீங்குன பொறவும் ஒண்ணு குடுத்தாரு."

கலைவாணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி என்றுகூடப் பார்க்காமல் அந்த மனுஷனை நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு வாய் துடித்தது. டாக்டர் அதற்கு நேரம் கொடுக்கவில்லை. மனிதர்களுக்குச் சளி கரைக்கக் கொடுக்கிற ஒரு ஊசி மருந்தின் பேரைச் சீட்டில் எழுதி என் கையில் திணித்து, எந்த மெடிக்கலில் இருந்தாலும் வாங்கி வாருங்கள், இந்த விஷத்துக்கு அதுதான் மாற்று என்றார். மழையில் நாலு கடை ஏறி இறங்கி வாங்கிவந்தேன். யாருடைய பூனைக்காக இப்படி அலைகிறோம் என்று போகும்போதும் திட்டினேன், வரும்போதும் திட்டினேன்.

ஊசி போடும்போது ஆதிமூலம் மருந்துக் குப்பியை வாங்கி மூடியை முகர்ந்து பார்த்தார். டாக்டர் விட்டுவிட்டார். சின்னவளை ஐந்து நாள் காலையும் மாலையும் கொண்டுபோக வேண்டியிருந்தது. கலைவாணிதான் கொண்டுபோனாள்.

அந்த ஐந்து நாளும் ஆதிமூலம் என்ன செய்தார் என்று பார்வதி அக்கா சொல்லி எனக்குத் தெரியும். நெல்லித்தோப்பு மெடிக்கல்காரர் ஒருவரிடம் போய்ப் பட்டையைக் காட்டிக் கேட்டார். பிறகு லாஸ்பேட்டையில் தனியாகப் பார்க்கிற இன்னொரு மாட்டு டாக்டரிடம் போனார். தனக்குத் தெரிந்த யாருக்கோ பூனை இருப்பதாகச் சொல்லி, தன் பேரையும் மாற்றிச் சொல்லிக் கேட்டாராம். பிறகு ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கே போய், மருந்து கொடுக்கிற ஜன்னலில் நின்று கேட்டிருக்கிறார். எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். இத்தனை பேரும் கூட்டுச் சேர்ந்துகொண்டார்கள் என்று இந்த மனுஷன் சொல்லமாட்டார் என்பதற்கு என்ன உத்தரவாதம்? எனக்கும் அவர் புத்தியே ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு வருவாரா, வந்தால் புதுசாக என்ன பழி கொண்டுவருவார் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மழை விட்டிருந்தது. கலைவாணி எட்டு மாதம் கழித்து மீன் வாங்கியிருந்தாள், மத்தி. அரிவாள்மணைச் சத்தம் கேட்டுச் சின்னவ மதிலில் வந்து உட்கார்ந்திருந்தது. வீக்கம் வடிந்து, கொஞ்சம் இளைத்து, ஆனால் கத்துவதில் குறை இல்லை. அப்போது ஆதிமூலம் எங்கள் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். தெருவில் குழாயடிக் கூட்டம் இருக்கிற நேரம் பார்த்தே வந்தார் என்று இப்போது நினைக்கிறேன். வாசலில், கலைவாணிக்கு எதிரே நின்றார். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினார்.

கலைவாணிக்குப் புரியவில்லை. "என்னாண்ணா, என்னா ஆச்சு?" என்று பதறி எழுந்தாள். எனக்குப் புரிந்தது. மில்லில் வேலை செய்த எவனுக்கும் புரியும். அவர் கையை இறக்கவில்லை.

"பாருப்பா புருஷோத்தமா, சோதன போடு" என்றார்.

பதினோரு வருடம் நான் ஆசைப்பட்ட காட்சி அது. ஒருநாளாவது இந்த மனுஷன் என் முன்னால் இப்படி நிற்கவேண்டும் என்று எத்தனை ஷிப்டு நினைத்திருப்பேன். இப்போது பார்க்கச் சகிக்கவில்லை. போய் அவர் சட்டைப் பையில் கை விட்டேன். மாத்திரைப் பட்டை இல்லை. பிளாஸ்டிக் கவர் இருந்தது, உள்ளே பொடிந்துபோன முள். அதை எடுத்துக் கலைவாணியிடம் கொடுத்தேன்.

"நாந்தான் கொன்னேன். உம்மேல போட்டேன்" என்றார் ஆதிமூலம், குழாயடிக்குக் கேட்கிற குரலில்.

கலைவாணி கவரைப் பிடித்தபடி குழாயடிப் பக்கம் பார்த்தாள். கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. பிறகு அதை மீன் கழிவோடு குப்பையில் போட்டாள். உள்ளே போய்ப் பரணிலிருந்து பழைய தட்டை எடுத்துவந்து, மத்தித் தலைகளை அதில் அள்ளி வைத்தாள்.

"மொதல்ல கையக் கீழ எறக்குங்க, வலிக்கப்போவுது. இத அவளுக்குக் கொண்டுபோய் வைங்க."

ஆதிமூலம் கைகளை இறக்கித் தட்டை வாங்கினார். பழக்கதோஷம், தட்டு மூக்குவரைக்கும் போனது. அங்கேயே நிறுத்தினார். முகராமல் அப்படியே எடுத்துக்கொண்டு மதில்பக்கம் போனார்.